புல்லட் எஞ்சினில் ஆயில் கசிவு: பேக்கிங் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய புல்லட் ஒன்றின் கீழே நான்கு சொட்டு ஆயில் கிடப்பதைப் பார்த்தவுடன், "கீழே ஆயில் இல்லையென்றால் உள்ளேயும் ஆயில் இல்லை என்று அர்த்தம்" என்று யாராவது ஒருவர் சொல்லிச் சிரிக்காமல் இருப்பதில்லை. வண்டி வைத்திருப்பவர்களே இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆயில் கசிவு பழைய எஞ்சினின் பிறவிக்குணம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதன் காரணத்தைத் தேட வேண்டிய கடமையிலிருந்து உரிமையாளரும் மெக்கானிக்கும் ஒரே நேரத்தில் தப்பித்துவிடுகிறார்கள் என்பதே இதன் உண்மையான பயன். ஐம்பது வயதான எஞ்சினும் சொட்டாமல் ஓடும். ஆனால் அதற்கு, ஆயில் எங்கே வெளியே வருகிறது என்பதோடு, அது ஏன் வெளியே தள்ளப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 1974-ஆம் ஆண்டு திருவொற்றியூரில் உருவான 350 சி.சி. புல்லட். கோலார் தங்கவயலில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து பெங்களூரின் அல்சூருக்கு வந்தது. கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். வாங்கியபோது எஞ்சினின் ஒவ்வொரு மூட்டிலும் சாம்பல் நிற சிலிகான் பசை பிதுங்கிக் காய்ந்து நின்றது. அத்தனை பசைக்குப் பிறகும் ஆயில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் வெள்ளை ஓடு பதித்திருப்பதால், சங்கச் செயலாளரின் கண்ணில் அந்தக் கறை படாமல் இருக்க வழியே இல்லை.

வேலையின் முதல் படி கழுவுவது. நனைந்து கறுத்த எஞ்சினைப் பார்த்து இந்த மூட்டுதான் கசிகிறது என்று சொல்பவரை நம்பக் கூடாது, அவர் ஊகிக்கிறார். மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத இந்நாளில் டீசலைத் தூரிகையில் தொட்டு, சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கு இடையிலும், கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் அடிவயிற்றிலும், கிளட்ச்சுக்குப் போகும் செயினை மூடியிருக்கும் செயின் கேஸின் பின்புறத்திலும் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயிலில் உலர்த்துதல். கார்புரேட்டரின் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். உலர்ந்தபின் எஞ்சின் முழுவதும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினால், கசியும் ஆயில் அந்த வெண்மையின் மேல் ஈரக்கோடாகத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

பவுடர் தூவிய வண்டியை முதலில் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், அடுத்தே சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் எளிது. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளுகிறது, எடை கீழே இழுக்கிறது. ஆகவே எஞ்சினின் உச்சியில், வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை மூடியிருக்கும் ராக்கர் கவரில் தொடங்கிய கசிவு கியர் பெட்டியின் மேல் வந்து நின்று, அதுதான் குற்றவாளி என்று நம்மை நம்பவைக்கும். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். நான் சோதனை ஓட்டத்திற்குப் பழைய மெட்ராஸ் சாலையில் ஹொஸ்கோட்டை வரை போய்த் திரும்புவது வழக்கம். போகும்போது திறந்த சாலை, திரும்பும்போது கே.ஆர்.புரமும் டின் ஃபாக்டரியும் கொடுக்கும் நெரிசல். காற்று வாங்காமல் சூடேறி நிற்கும் எஞ்சின் என்ன செய்யும் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பெங்களூரு போக்குவரத்து வேறு எதற்கும் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்படுகிறது.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவைத்தால் காலையில் இன்னொரு சாட்சியம் கிடைக்கும். புல்லட்டில் எஞ்சின், இடப்பக்கச் செயின் கேஸ், கியர் பெட்டி மூன்றும் தனித்தனி அறைகள், மூன்றிலும் தனித்தனி மசகு. எஞ்சினில் ஓடும் 20டபிள்யூ-50 ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். செயின் கேஸில் பலரும் ஊற்றும் தானியங்கி கியர் திரவம் சிவப்பாகவும் தண்ணீர்போலவும் இருக்கும். கியர் பெட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் கிரீஸ் கலந்த கெட்டிக்குழம்பு. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாலே எந்த அறையின் பொருள் என்பது தெரிந்துவிடும்.

இனி, ஏன் வெளியே வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த எஞ்சினின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. பிஸ்டன் மேலே எரிபொருள் கலந்த காற்றை அழுத்துவதைப் பற்றியே நாம் பேசுகிறோம். அது கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேஸிலுள்ள காற்றையும் அதே 346 சி.சி. அளவுக்கு நெருக்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது முறை இந்த நெருக்கல் நிகழ்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இந்தக் காற்றுக்கு ஒதுங்க இன்னொரு சிலிண்டரின் அடிப்பக்கம் இல்லை. அது வெளியேறியாக வேண்டும். அதற்காக வைத்திருப்பதுதான் பிரீதர் என்னும் மூச்சுத் துவாரம். குக்கரின் விசில் துவாரத்தில் பருக்கை அடைத்துக்கொண்டால் நீராவி கேஸ்கட்டைப் பிதுக்கிக்கொண்டு வருமே, இங்கேயும் அதுதான் நடக்கிறது.

ஆனால் பிரீதர் வெறும் துவாரம் அன்று, ஒருவழி வால்வு. பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விட்டு, ஏறும்போது வெளிக்காற்று உள்ளே வராமல் மூடிக்கொள்ள வேண்டும். அப்படி மூடிக்கொண்டால், சில சுற்றுகளிலேயே கிராங்க் கேஸுக்குள் வெளியிலுள்ளதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் உண்டாகிவிடும். உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும் எஞ்சினில், மூட்டுக்கிடையே வைக்கும் சுமாரான பேக்கிங்கூட ஆயிலைப் பிடித்துவைக்கும், ஏனென்றால் அந்த மூட்டில் ஆயில் வெளியே தள்ளப்படுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலையில் புல்லட் உருவான காலத்து அமைப்பில் கிராங்க் கேஸின் இடப்பக்கத்திலுள்ள இரண்டு துளைகளை இரண்டு மெல்லிய எஃகு வில்லைகள் மூடித் திறக்கும். பின்னாளில் வாத்து அலகு போன்ற ரப்பர் முனை வந்தது. வில்லைக்கடியில் கரி படிந்தாலும், ரப்பர் கெட்டிப்பட்டு வாய் மூடாமல் போனாலும், ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போனாலும், விளைவு எஞ்சினின் மறுகோடியில் ஏதோ ஒரு பேக்கிங்கில் தெரியும். உடனே பேக்கிங்மேல் பழி விழும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிரீதர் குழாயின் முனையில் ஈர விரலை வைத்தால், வெளியே தள்ளும் மூச்சு மட்டுமே படவேண்டும். உள்ளிழுப்பு தெரிந்தால் வால்வு மூடவில்லை. எதுவுமே படாவிட்டால் அடைத்திருக்கிறது. மூச்சு ஓயாமல் பலமாக வந்து, அதில் புகையும் கருகிய வாடையும் இருந்தால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் உலகத்திலுள்ள எந்தப் பேக்கிங்கும் உதவாது. சிலிண்டரைக் கழற்றி, தேய்மானம் அளந்து, தேவையானால் போர் செய்து, அதாவது உள்ளே குடைந்து விட்டத்தைக் கூட்டி, பெரிய பிஸ்டன் போடுவதற்கான செலவை முதலில் ஏற்றுக்கொண்டுவிட வேண்டும். மேல்பூச்சு வேலைக்குக் கொடுக்கும் பணம் வீண்.

என் வண்டியின் ரப்பர் அலகு கல்லாகி இருந்தது. ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடையில் வாங்கிய புதிய ரப்பரை மாட்டியதுமே கசிவு பாதிக்குமேல் அடங்கிவிட்டது, அதற்குள் ஒரு நட்டைக்கூட நான் திருகவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆயிலின் அளவு. புல்லட்டின் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே அதன் பின்பகுதியாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தனித்தொட்டி இருப்பதே தெரியாது. ஒரு பம்ப் தொட்டியிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது, அதைவிடப் பெரிய இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. வண்டி பல நாள் சும்மா நின்றால், தேய்ந்த பம்ப்பின் வழியாக ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கித் தேங்கும். அந்த நிலையில் அளவுக்குச்சியை எடுத்துப் பார்ப்பவர் ஆயில் குறைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்தவுடன் சுழலும் தண்டு தேங்கிய ஆயிலில் அடித்து, பிரீதர் வழியாகப் பீறிடச் செய்யும். உடனே ஆயில் சீல் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்படும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சற்றுப் பொறுத்து அளவு பார்ப்பதுதான் சரியான முறை. ஐயம் இருந்தால் கிராங்க் கேஸின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

மூச்சும் அளவும் சரியான பிறகும் கசிந்த இடங்களுக்கு மட்டும் ஸ்பேனர் எடுத்தேன். அவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது சிலிண்டரின் வலப்பக்க அடியிலுள்ள டேப்பட் கவர். உள்ளங்கையில் அடங்கும் சின்ன அலுமினிய மூடி, நடுவில் ஒரே ஒரு நட்டால் பிடிக்கப்பட்டது. மேலே ராக்கர்களில் வேலை முடித்த ஆயில், சிலிண்டரிலேயே வார்க்கப்பட்டிருக்கும், ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராட் கம்பிகளுக்கான குழிகள் வழியாக இறங்கி இந்த மூடியின் பின்புறத்தைக் கடந்துதான் கீழே போகிறது. இங்கே கசிந்தால் எவருடைய கையும் இயல்பாகச் செய்வது நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவது. நடுவில் இறுக்க இறுக்க, மூடியின் நடு உள்வாங்கி ஓரம் எழும்பும். ஓரம் எழும்பினால் கசிவு கூடும். கூடியதற்காக மறுபடி இறுக்குவார்கள். கழற்றிய மூடியைக் கண்ணாடிமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தியபோது, எதிர் மூலை தடக் தடக்கென்று ஆடியது. எத்தனை ஆண்டு இறுக்கலோ அது.

அல்சூரில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், இந்த மூடியைக் காட்டினேன். "தம்பி, பேக்கிங் ஒழுகாது. பேக்கிங் உட்கார்ற இடந்தான் ஒழுகும். மட்டம் பாருங்க மொதல்ல" என்றார். பசை தடவித் தரச்சொல்லி வருபவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்பதும் பிறகு தெரிந்தது.

மட்டம் பார்ப்பதற்கு, கண்ணாடிக் கடையில் வெட்டி எஞ்சிய தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும். இதைவிடச் சமதளமான பொருளை வீட்டில் குறைந்த விலையில் பெற முடியாது. அதன்மேல் 400-ஆம் எண் தண்ணீர் உப்புத்தாளை ஒட்டி, சிறிது டீசல் விட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்து, எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் இழுத்தால் கையின் அழுத்தம் விழும் பக்கம் அதிகம் தேய்ந்து, புதிய கோணல் உண்டாகும். தேய்ப்பதற்கு முன் விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் தீற்றிவிட்டால், எங்கே தேய்கிறது, எங்கே பள்ளம் என்பது ஓரிரு நிமிடத்தில் தெரியும். என் மூடியில் முதலில் இரண்டு முனைகள் மட்டும் பளிச்சிட்டன. இடைப்பட்ட பகுதியின் மை அப்படியே இருந்தது. மை முற்றிலும் மறைந்து, விளிம்பு முழுவதும் ஒரே மங்கலான சாம்பல் நிறமாகும்வரை தேய்க்க வேண்டும். அரத்தை மட்டும் இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

பேக்கிங்கை எஸ்.பி. சாலையில் விற்கும் கேஸ்கட் தாளிலிருந்து வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம், அரை மி.மீ. தடிப்பு பெரும்பாலான மூடிகளுக்குச் சரியாக இருக்கும். தாளை வார்ப்பின்மேல் வைத்துச் சுத்தியால் ஓரம் தட்டி வெட்டுவது பழைய பழக்கம். பழைய அலுமினிய விளிம்பில் அடையாளம் விழும் என்பதால் எனக்கு அது உவப்பில்லை. விளிம்பில் மெல்ல ஆயில் தடவித் தாளை அழுத்தி, பதிந்த அச்சைப் பார்த்துக் கத்தரியால் வெட்டுகிறேன். எஞ்சினின் வலப்பக்க மூடியான டைமிங் கவரின் பேக்கிங்கில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அந்த மூடிக்குள்ளேதான் ஆயில் பம்புகளின் பாதைகள் ஓடுகின்றன. பேக்கிங்கில் ஒரு துளையைத் தவறவிட்டால் மூடி சொட்டாமல் அழகாக இருக்கும், உள்ளே, பிஸ்டனின் கோல் கிராங்க் தண்டோடு சேருமிடத்திலுள்ள பிக்-எண்டு பேரிங் ஆயில் இல்லாமல் கருகும். அதே கவரைத் திறக்கும்போது, கிராங்க் தண்டின் முனைக்கு ஆயில் செலுத்தும் இடத்திலுள்ள கார்க் வாஷரையும் மாற்றிவிட வேண்டும். அது நசுங்கிப்போனால் ஆயில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வழிமாறி, பேரிங்கிற்குப் போகும் அளவு குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவுதான் எஞ்சினுக்கு உண்மையான கேடு. தரையில் விழும் சொட்டு நம் மானத்துக்கு மட்டுமே கேடு.

சிலிகான் பசையின் மேல் எனக்குள்ள கோபமும் இதை ஒட்டியதே. வெளியே எவ்வளவு பிதுங்கி நிற்கிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது சூட்டில் புழுப்போல் உதிர்ந்து, ஆயிலோடு சுற்றி, வடிகட்டியிலோ குறுகிய ஆயில் பாதையிலோ போய் அடைக்கும். நான் வடிகட்டியறையைத் திறந்தபோது சாம்பல் நிறத் துணுக்குகள் இரண்டு விரலால் அள்ளுமளவுக்கு இருந்தன. கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேருமிடத்தில் பேக்கிங் தாள் கிடையாது, அங்கே இறுகாத வகைப் பசையை மிக மெல்லிய படலமாகத் தடவத்தான் வேண்டும். மற்ற மூடிகளுக்கு மட்டமான விளிம்பும், லேசாகக் கிரீஸ் தொட்ட தாளும் போதும்.

ராக்கர்களுக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாயின் திருகுகளில் செம்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். மறுபடி இறுக்கினால் படியாது. அடுப்பில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகிவிடும், கறுப்புப் படலத்தை உப்புத்தாளால் துடைத்துவிட்டு மாட்டலாம். ஐந்து நிமிட வேலை.

சிலிண்டரின் தலைப்பகுதி மூட்டில் வேறு சிக்கல். தலை அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. நூறு மி.மீ. நீள அலுமினியம் நூறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.23 மி.மீ. நீளும், அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். ஆகவே புதிதாக மூட்டிய எஞ்சின் சிலமுறை சூடேறி ஆறும்போது பேக்கிங் அமுங்கி, நட்டுகளின் பிடி தளரும். முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பிறகு, எஞ்சின் முழுக்க ஆறியபின், குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்கம் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. நட்டு சுற்றிக்கொண்டே போய்ப் பிடி கிடைக்காவிட்டால் அலுமினியத்தில் மரை போய்விட்டது; மேலும் முறுக்காமல் லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் போட்டுவிடுவதே நல்லது. பழைய புல்லட்டின் மரைகள் பல பிரிட்டிஷ் அளவைச் சேர்ந்தவை என்பதால், கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

இடப்பக்கச் செயின் கேஸும் டேப்பட் கவரைப் போல் நடுவில் ஒற்றை நட்டால் பிடிக்கப்பட்டதுதான். சுற்றிலும் ரப்பர் வளையம் ஆயிலைத் தடுக்கிறது. மேலே சொன்ன அதே காரணத்தால் இங்கும் முரட்டு இறுக்கம் ஆகாது. ஆனால் செயின் கேஸில் ஊற்றியதைவிட அளவு தானாகக் கூடிக்கொண்டே போனால், கிராங்க் தண்டின் ஆயில் சீல் தேய்ந்து எஞ்சின் ஆயில் அங்கே வருகிறது என்று பொருள். அப்போது வெளிமூடியோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது கியர் பெட்டி ஸ்பிராக்கெட்டின் பின்னாலுள்ள சீல். அங்கே கசியும் பொருள் பின்செயினில் ஏறி, செயினிலிருந்து பின்சக்கரத்தின் ரப்பருக்குத் தெறிக்கிறது. மழை நேரத்தில் அல்சூர் ஏரியை ஒட்டிய வளைவில் அப்படிப்பட்ட டயரோடு திரும்புவதை நான் விரும்பமாட்டேன். மற்ற கசிவுகளுக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமை வரும்வரை பொறுக்கலாம், இதற்குக் கூடாது. இந்தச் சீலை எட்ட வேண்டுமானால் கிளட்ச், உள் செயின் கேஸ் எல்லாம் கழற்ற வேண்டும். அவ்வளவு தூரம் திறந்துவிட்ட பிறகு கிராங்க் தண்டின் சீலையும், செயின் கேஸின் ரப்பர் வளையத்தையும், கிளட்ச் தட்டுகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது சிக்கனம், ஏனென்றால் மூன்றின் விலையையும் சேர்த்தாலும் இரண்டாவது முறை கழற்றி மாட்டும் கூலிக்கு அது குறைவாகத்தான் இருக்கும்.